முட்டு எங்கிருந்து வருகிறது?

மாசி, பங்குனி மாதங்களில் சம்மாந்துறை, நிந்தவூர் வயல்வெளிகளைக் கடந்து கல்முனைக்கு வருபவர்களுக்கு அந்த மணம் தெரியும். பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்து வைக்கோல் எரிகின்ற மணம். அரிசி ஆலைப் பக்கம் போனால் உமித்தூசு சட்டையில் படியும். விளைச்சல் வீடு வந்த சந்தோஷம் ஒரு பக்கம் இருக்க, அதே வாரங்களில்தான் பல வீடுகளில் வயது சென்றவர்கள் படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்தபடி விடியும்வரை இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

அப்படியொரு வீட்டில் ஒரு பெரியவரைச் சந்தித்தோம். 1990இல் வயலையும் மாட்டையும் விட்டு ஓடி வந்தவர். 2004 டிசம்பர் 26இல் கரையோரத்து வீட்டையும் கடல் கொண்டுபோனது. சொந்த வயலில் விதைத்தவர் இன்று ஆலையில் நாட்கூலிக்கு மூட்டை சுமக்கிறார். "எனக்கு முட்டுத்தானே ஃபாதர், ஆவி பிடிச்சா போயிரும்" என்றார். மனைவி விடவில்லை. "மாசியில வயல் பத்துறப்போ ஒண்டு, மாரி தொடங்கி தடிமல் வந்தா ஒண்டு. ரெண்டு தரமும் ஆஸ்பத்திரிதான்" என்றார். முன்பு பள்ளிவாசலுக்கு நிற்காமல் நடந்தவர், முதல் தடவைக்குப் பிறகு வழியில் ஒருமுறை நின்றாராம். இப்போது மூன்று முறை நிற்கிறார்.

அந்தத் தாய் சொன்ன கணக்கில்தான் முழு விடயமும் இருக்கிறது. பெரியவருக்கு இருப்பது நாட்பட்ட சுவாசத் தடை நோய். கிளினிக் கொப்பியில் சீ.ஓ.பி.டி. என்று எழுதுவார்கள். பல வருடங்களாகப் புகையும் தூசும் பட்டு, மூச்சுக் குழாய்கள் தடித்துச் சுருங்கி, சுவாசப்பையின் நுண்ணறைகள் பழுதாகிப் போகின்றன. இளம் வயதில் வரும் தொய்வு மருந்தினால் பெரும்பாலும் முற்றாகத் தணியும். இது அப்படித் தணியாது. ஒவ்வொரு முறை வருத்தம் கூடும்போதும் சுவாசப்பையின் பலத்தில் கொஞ்சம் திரும்பாமலே போய்விடலாம். ஆகவே வந்த பின் ஓடுவதை விட, எது அதைக் கிளப்புகிறது என்று அறிந்து விலகுவதே மூச்சை மிச்சம் பிடிக்கும் வழி.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் இந்த நோயால் 35 இலட்சம் பேர் இறந்தார்கள். செல்வந்த நாடுகளில் பத்தில் ஏழு பேருக்கு மேல் புகைத்தலால் இதற்கு ஆளாகிறார்கள். நம்மைப் போன்ற நாடுகளில் அது பத்தில் மூன்று நான்கு பேர்தான். இங்கே வீட்டு அடுப்புப் புகையும் பெரும் காரணம். "எங்கட உம்மா பீடி சுருட்டைத் தொட்டதே இல்லையே, அவவுக்கு எப்படி?" என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில். நாற்பது வருடம் ஊதுகுழலோடு அடுப்படியில் குந்தியிருந்திருக்கிறார்.

2022இல் எரிவாயு கிடைக்காமல் எத்தனையோ குடும்பங்கள் விறகுக்குத் திரும்பின. சில இன்னும் மாறவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. விறகுதான் என்றால் நன்றாகக் காய்ந்த விறகாக இருக்கட்டும். ஈர விறகுதான் அதிகம் புகையும். மாரிக்கு முன்பே நிலத்தில் படாமல் அடுக்கி மூடி வையுங்கள். அடுப்பை வெளியே, கூரை மட்டும் போட்ட இடத்துக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள். இரண்டு பானை வைக்கும் அனகி மண் அடுப்பு விறகை மிச்சப்படுத்தும். புகையை முற்றாக நிறுத்தாது. நோயாளி அடுப்படியில் நிற்காமல் இருப்பதே முக்கியம். அந்த வேலையை ஆண்பிள்ளைகளும் செய்யலாம், கை தேயாது.

நுளம்புச் சுருளைப் பலர் புகையாகவே எண்ணுவதில்லை. ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளியான ஆய்வொன்று கண்டது. அதைக் கதவடைத்த அறைக்குள் கொளுத்திவிட்டு, "ராவானா முட்டுது" என்கிறோம். நுளம்பு வலை போதும். சாம்பிராணி, குப்பி விளக்கு, வளவில் எரிக்கும் பிளாஸ்டிக் குப்பை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். புகைப்பவர்கள் விட விரும்பினால் 1948 என்ற இலக்கத்துக்கு அழைத்து உதவி கேட்கலாம்.

ஆலையிலும் களத்திலும் தூசு. காற்று வீசும் பக்கம் பார்த்து, தூசு தன் மேல் வராத இடத்தில் நில்லுங்கள். சாதாரணத் துணி நுண்தூசைத் தடுக்காது, முகத்தோடு இறுகப் பொருந்தும் முகக்கவசம் வேண்டும். வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே பரப்பினால் மண்ணுக்கும் நல்லது. மருதமுனைத் தறிக்கூடங்களின் பஞ்சுத்தூசும் இருமலைக் கிளப்பும்.

ஆனால் வருத்தத்தைக் கூட்டுவதில் முதலிடம் தடிமலுக்கும் சளிச் சுரத்துக்கும்தான். வெள்ளத்தில் பாடசாலைகளில் நெருங்கித் தங்கும்போது இது வேகமாகப் பரவும். கை கழுவுங்கள், தடிமல் உள்ள பேரப்பிள்ளையை மூத்தம்மாவின் பாயில் படுக்க வைக்காதீர்கள். தடுப்பூசி பற்றிக் கிளினிக்கில் விசாரியுங்கள். குளிரும் மாசும் சேர்ந்து வந்தால் இன்னும் மோசம். மாண்டஸ் புயலோடு இந்தியப் பக்கத்து மாசு வந்து, 2022 டிசம்பர் 9இல் நாடெங்கும் பாடசாலைகளை மூடியது நினைவிருக்கும். வடக்கிலும் கிழக்கிலும் குளிரில் மாடுகள் செத்ததும் அந்த நாட்களில்தான். அப்படியான நாளில் நோயாளி வீட்டுக்குள் இருக்கட்டும். கச்சான் காற்றுக் காலத்தில் நடுப்பகல் வேலையைத் தவிர்க்கட்டும்.

சுகமாக இருக்கிறது என்று மருந்தை நிறுத்துவது இன்னொரு காரணம். கிளினிக் நாளுக்குப் போனால் கூலி போகிறது என்ற கஷ்டம் நமக்குத் தெரியும். வைத்தியசாலையில் ஒரு வாரம் படுத்தால் போகும் கூலி அதிலும் கூட. கருவியில் வைத்து உறிஞ்சத் தந்த குளிசையை விழுங்கியவர்களையும் கண்டிருக்கிறோம். பாவிக்கும் முறையைத் தாதியிடம் செய்து காட்டி, சரியா என்று கேளுங்கள். நோன்பு மாதத்தில் பலர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். காலை மாலை எடுக்கும் மருந்தைச் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் மாற்ற முடியுமா என்று முன்கூட்டியே வைத்தியரிடம் கேட்க வேண்டும். இடையில் முட்டு வந்தால் என்ன செய்வது என்பதை மௌலவியிடமும் கேட்டு வைத்தால் மனக்குழப்பம் இராது.

வருத்தம் திடீரென்று கூடுவது போலத் தோன்றினாலும், பல தடவை ஓரிரு நாள் முன்பே சொல்லிவிட்டுத்தான் வரும். வழமையை விட மூச்சு வாங்கும், சளி கூடும், தடிக்கும், மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும், தலையணை ஒன்றுக்கு இரண்டு தேவைப்படும். அன்றைக்கே வைத்தியரைக் காணுங்கள். மூச்சு வாங்கும்போது முன்னால் சாய்ந்து அமர்ந்து, குப்பி விளக்கின் சுடரை அணைக்காமல் ஆட்டுவது போல உதடு குவித்து மெல்ல ஊதிவிட வேண்டும். ஒரு வசனம் பேசி முடிக்க முடியாமை, உதடு நீலமாதல், புத்தி தடுமாறுதல், அளவுக்கு மீறிய தூக்கம் கண்டால் விடியும்வரை காத்திராதீர்கள். 1990 அம்பியூலன்ஸ் இலவசம். கிளினிக் கொப்பியையும் எடுத்துச் செல்லுங்கள்.

அந்தத் தாய் இப்போது பேத்தியைக் கொண்டு ஒரு பாடசாலைக் கொப்பியில் எழுதி வைக்கிறார். திகதி, அன்று எரிந்தது என்ன, வாப்பாவின் சளி என்ன நிறம் என்று. போன கிளினிக்கில் வைத்தியர் மருந்து எழுத முன் அதைத்தான் வாங்கிப் பார்த்தாராம். பெரியவர் இந்த முறை வயல் எரியும் வாரங்களில் கடற்கரைப் பக்கம் மகள் வீட்டில் இருக்கப் போகிறார். ஆலைக் கூலிக்கு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை.