சூடு பூமியினுடையது, பலகை யாருடையது?

சித்திரை மாதத்து நண்பகலில் காரைக்கால் கடற்கரை மணலில் செருப்பில்லாமல் நாலடி நடந்து பாருங்கள். ஐந்தாவது அடி வைக்க மனம் வராது. கோட்டுச்சேரியிலிருந்து கடல் பார்க்க வரும் பிள்ளைகள், ‘ஐயோ, சுடுதே!’ என்று துள்ளிக்கொண்டு அலையை நோக்கி ஓடுவார்கள். அந்தச் சூடு மேலேயிருந்து வந்த சூடு. கதிரவன் தந்த சூடு. பொழுது சாய்ந்தால் அதுவும் சாய்ந்துவிடும்.

ஆனால் தோழர்களே, கீழேயிருந்து சூடேறும் மணலும் இந்த உலகத்தில் உண்டு! பனிக்காலத்திலும் ஆறாத மணல்! அந்த மணலில் கழுத்துவரை புதைந்து கிடப்பதற்காகக் காசு கொடுத்து, ரயிலேறி, வரிசையில் நின்று போகிறார்கள் மக்கள். புதைப்பவர் பகைவரல்லர், புன்னகை பூத்த பணியாளர்! புதைபடுபவர் பிணமல்லர், புத்துயிர் தேடி வந்த பயணி!

எங்கே இந்த விந்தை? ஜப்பானில். அந்த நாட்டின் தெற்கே கியூஷூ என்றொரு பெருந்தீவு. அதன் தென்கோடியில் ககோஷிமா மாகாணம். நகரத்துக்கு எதிரே, வளைகுடாவுக்கு அப்பால், சகுராஜிமா எரிமலை இன்றும் புகை கக்கிக்கொண்டு நிற்கிறது. 1914-ல் அது சீறியபோது வழிந்த எரிமலைக் குழம்பு, தீவாக இருந்த அந்த மலையைப் பக்கத்து நிலத்தோடு ஒட்டவைத்துவிட்டது. அப்படிப்பட்ட கொதிநிலத்தின் ஓரத்தில், கடலை ஒட்டி அமைந்திருக்கிறது இபுசுகி என்னும் ஊர்.

ஒரே நாளில் இந்த ஊரைச் சுற்றிக் காட்டி அழைத்துவரும் பயணங்கள் அங்கே உண்டு. காலையில் ககோஷிமாவில் புறப்பாடு. எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் நீர் நிறைந்து உண்டான இகேடா ஏரி. 924 மீட்டர் உயரத்தில் கூம்பாக நிமிர்ந்து நிற்கும் கைமோன் மலை. கடைசியில் கடற்கரை மணற்குளியல். வழிகாட்டி முன்னே நடக்க, கூட்டம் பின்னே நடக்கிறது.

மணற்குளியல் நடக்கும் முறையைக் கேளுங்கள். யுகாதா என்ற பருத்தி அங்கி ஒன்றை எல்லாருக்கும் தருகிறார்கள். வங்கி முதலாளிக்கும் அதே அங்கி. வண்டியோட்டிக்கும் அதே அங்கி. தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டு மணலில் மல்லாந்து படுக்க வேண்டும். மண்வெட்டியோடு நிற்கும் பணியாளர்கள் சுடுமணலை அள்ளி மேலே போடுகிறார்கள். கால் மறைகிறது, கை மறைகிறது, மார்பு மறைகிறது. முகம் மட்டும் மிஞ்சுகிறது. மணலின் சூடு ஏறத்தாழ 50 முதல் 55 டிகிரி. பத்து நிமிடம் படுத்திருந்தால் போதும். வியர்வை ஆறாகப் பெருகும். பிறகு எழுந்து, மணலைக் கழுவி, வெந்நீரில் குளித்து வெளியே வருகிறார்கள். மூட்டு வலி குறைந்தது என்பவர் சிலர். உடம்பு இலேசானது என்பவர் பலர். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஊரார் இப்படிக் குளித்து வருகிறார்கள்.

மணல் ஏன் சுடுகிறது? தேவர் மூட்டிய அடுப்பா? அரக்கர் விட்ட மூச்சா? இரண்டுமில்லை. எரிமலை நிலத்தின் அடியில் உருகிய பாறையின் வெப்பம் இருக்கிறது. மழை நீர் நிலத்துள் இறங்கி அந்த வெப்பத்தால் கொதிக்கிறது. கொதித்த நீர் கடலை நோக்கிக் கசிந்தோடும் வழியில், கடற்கரை மணலுக்கு அடியிலே பாய்கிறது. மணல் சூடேறுகிறது. அவ்வளவுதான்! இதே இபுசுகி வட்டாரத்தில் 1995-ல் அந்தச் சூட்டைக் கொண்டே மின்சாரம் எடுக்கும் நிலையத்தையும் தொடங்கினார்கள்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது, ஜப்பான்காரன் மணலில் புரண்டால் காரைக்காலுக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். இருக்கிறது, தோழர்களே! பூமியின் சூட்டை அந்த நாடு எப்படி நடத்துகிறது என்பதில் நமக்கொரு பாடம் இருக்கிறது.

1948-ஆம் ஆண்டு, போரில் தோற்று, குண்டு வீச்சில் கருகி, சோற்றுக்கே திண்டாடிக்கொண்டிருந்த வேளையில், ஜப்பான் ஒரு சட்டம் இயற்றியது. வெந்நீர் ஊற்றுச் சட்டம்! ஊற்றுக்காகத் துளையிட வேண்டுமானால் மாகாண ஆளுநரின் அனுமதி வேண்டும் என்றது. நினைத்தவன் நினைத்த இடத்தில் துளைத்தால், பக்கத்து ஊற்று வற்றிப் போகுமல்லவா? இன்னொன்றும் சொன்னது அந்தச் சட்டம். குளிக்க வருபவர் கண்ணில் படும்படி ஒரு பலகை வைக்க வேண்டும்; அந்த நீரில் என்னென்ன கலந்திருக்கிறது, எந்த நோயாளி அதில் இறங்கக் கூடாது என்பதை அந்தப் பலகை சொல்ல வேண்டும். குளிப்பவரிடம் வரியும் வாங்குகிறார்கள். தலைக்கு 150 யென் என்பது பொது அளவு. ஊற்றைக் காப்பது, தீயணைப்பு வசதி, பயணிகளுக்கான ஏற்பாடு போன்றவற்றுக்கு அந்தப் பணம் போகிறது.

பலகை என்றேனே, அந்தப் பலகையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது நம் கடலுக்கு அக்கரையில் உள்ள ஒரு வெந்நீர் ஊற்றுக்குப் போவோம். எரிமலையில்லாத ஊற்று; தமிழர் நன்கறிந்த ஊற்று. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் பயணியர் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அக்கரை சேர்ந்து, யாழ்ப்பாணம், வவுனியா வழியாகத் தரையில் சென்றால் திருகோணமலை. அங்கே ஒருநாள் சுற்றுலா என்றால் கோணேசர் கோயில், நிலாவெளிக் கடற்கரை, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஆகிய மூன்றும் இருக்கும்.

கன்னியா, திருகோணமலை நகரத்திலிருந்து ஏறத்தாழ எட்டுக் கிலோமீட்டரில் இருக்கிறது. ஏழு சிறு கிணறுகள், சதுரமாகக் கட்டியவை, ஆழம் அதிகமில்லை. ஒவ்வொன்றிலும் சூடு சற்றே வேறு. உள்ளே இறங்கிக் குளிப்பதில்லை. வாளியால் மொண்டு தலையில் ஊற்றிக் கொள்கிறார்கள். தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் வாளால் ஏழிடத்தில் குத்த, ஏழு ஊற்றுப் பிறந்தது என்பது கதை. அந்தக் கதையைப் பற்றிக்கொண்டு, இறந்தவர்க்கு முப்பத்தோராம் நாள் கடனை அங்கே வந்து செய்வது திருகோணமலைத் தமிழரின் வழக்கமாயிற்று.

இராவணன் வாளை நாம் நம்ப வேண்டியதில்லை. எரிமலையே இல்லாத இலங்கையில் நீர் எப்படிச் சுடுகிறது என்பதற்கு விஞ்ஞானம் விடை வைத்திருக்கிறது. நிலத்துள் இறங்க இறங்க, ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25 முதல் 30 டிகிரி சூடு கூடுகிறது. இலங்கையின் பெரும்பகுதி மிகப் பழைய கடும்பாறை. அந்தப் பாறையின் ஆழமான வெடிப்புகளில் மழைநீர் இறங்கி, அடியில் சூடேறி, வேறொரு வெடிப்பின் வழியே விரைந்து மேலேறி வருகிறது. ஆறுவதற்குள் வெளியே வந்துவிடுவதால் சுடுகிறது. கன்னியா மட்டுமல்ல, மகா ஓயா, மதுனாகல என்று அந்தத் தீவில் வேறு வெந்நீர் ஊற்றுகளும் உண்டு. அங்கெல்லாம் எந்த வாள் குத்தியது?

கதையை நம்பாதவன் நான். ஆனால் அந்தக் கதையோடு ஒரு தாயை இழந்த மகன் வருகிறானே, அவனுடைய கண்ணீர் கதையல்லவே! ஒரு வாளி வெந்நீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு துக்கத்தைக் கழுவிப் போகிறானே, அந்த உரிமை கதையல்லவே!

அந்த உரிமைக்குத்தான் வந்தது வில்லங்கம். முப்பதாண்டுப் போர் 2009-ல் முடிந்தது. 2011-ல் அங்கே ஒரு பலகை முளைத்தது. தொல்லியல் துறை வைத்த பலகை. நீரில் என்ன இருக்கிறது என்று சொல்ல வந்ததா? இல்லை. எந்த நோயாளிக்கு ஆகாது என்று எச்சரிக்க வந்ததா? இல்லை. இந்த இடம் அனுராதபுரக் காலத்துப் பௌத்த மடத்தின் எச்சம் என்று சொல்ல வந்தது! அருகில் இடிந்து கிடந்த பிள்ளையார் கோயிலின் அடித்தளத்தில் விகாரை எழுப்பும் முயற்சி அதன் பின்னே வந்தது. 2019 ஜூலையில் தமிழர்கள் அங்கே திரண்டு எதிர்ப்புக் காட்டினார்கள். வழக்கு மன்றம் ஏறிற்று. அதே மாதம் திருகோணமலை மேல் நீதிமன்றம் அந்தக் கட்டுமானத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. தலைமுறை தலைமுறையாக வாளி தூக்கிச் சென்றவர்கள், வாளியை வைத்துவிட்டு வழக்குக் கட்டைத் தூக்க வேண்டி வந்தது!

பௌத்தத்தின் மீது நமக்குப் பகையில்லை. காரைக்காலுக்குத் தெற்கே, பக்கத்து நாகையில், ஆயிரம் ஆண்டுக்கு முன்பு சூடாமணி விகாரம் எழுந்தது. கடல் கடந்த ஸ்ரீவிஜய மன்னன் கட்ட, சோழன் இராசராசன் ஆனைமங்கலம் என்ற ஊரையே அதற்கு அளித்தான். சிவநெறிச் சோழன் பௌத்தப் பள்ளிக்கு ஊர் கொடுத்த மண் இது. கன்னியாவில் பழைய பௌத்தச் சின்னம் கிடைத்தால் தோண்டி எடுக்கட்டும், காப்பாற்றட்டும், கற்றவர் எழுதட்டும். ஆனால், பழமையைத் தோண்டுவது வேறு. பழமையைப் பட்டாவாக்குவது வேறு! அறிஞரின் கையில் இருக்க வேண்டிய மண்வெட்டி, ஆட்சியின் கையில் வேலிக்குக் குழி தோண்டும் கருவியாகலாமா?

ஜப்பானைப் புகழ்கிறாயே, அங்கே குற்றமே இல்லையா என்று கேட்பவர்க்கும் விடை சொல்ல வேண்டும். உண்டு. வடக்கே ஒட்டாரு நகரத்துக் குளியல் விடுதி ஒன்று ‘ஜப்பானியருக்கு மட்டும்’ என்று பலகை மாட்டியது. ஜப்பானியக் குடியுரிமை பெற்ற பின்னும் ஒருவர், முகத்தைப் பார்த்து வாசலிலேயே நிறுத்தப்பட்டார். மூவர் வழக்குத் தொடுத்தார்கள். 2002 நவம்பரில் சப்போரோ மாவட்ட நீதிமன்றம், அது இனப்பாகுபாடு என்று சொல்லி, தலைக்குப் பத்து லட்சம் யென் கொடுக்கும்படி விடுதிக்கு ஆணையிட்டது. 2003-ல், இபுசுகி இருக்கும் அதே கியூஷூத் தீவில், தொழுநோய் நீங்கி நலமடைந்தவர்களைத் தங்க வைக்க மாட்டோம் என்றது ஒரு வெந்நீர் ஊற்று விடுதி. நாடே கண்டித்தது, மறு ஆண்டு அந்த விடுதி கதவை மூடிற்று.

பார்த்தீர்களா? நாடு எதுவானால் என்ன, நல்ல பலகையும் உண்டு, நச்சுப் பலகையும் உண்டு. ‘இந்த நீரில் உப்பு இருக்கிறது, இதய நோயாளி கவனம்’ என்பது நல்ல பலகை. ‘இது எங்களுடையது, நீ யார்?’ என்பது நச்சுப் பலகை.

இந்தியாவுக்கு இது புதிய கதையா? தண்ணீருக்குப் பலகை போடாமலே பலகை போட்ட நாடல்லவா நம் நாடு! 1927 மார்ச் 20-ஆம் நாள், மகாத் நகரத்துக் குளத்தில் அம்பேத்கர் ஒரு கை நீர் அள்ளிப் பருகியதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டதே! மாடு குடித்த குளத்தில் மனிதன் குடிக்கக் கூடாது என்றார்களே! பலகையில் எழுதவில்லை; மனத்தில் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் இதே நாட்டில் மணிகரணையும் இருக்கிறது. இமயத்தின் பார்வதிப் பள்ளத்தாக்கில், கொதிக்கும் ஊற்றிலே அரிசிப் பானையை இறக்கிச் சோறாக்குகிறார்கள். சீக்கியரின் குருத்துவாராவும் சிவன் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வருகிறவர் எந்தச் சாதி, எந்த மதம் என்று கேளாமல் பந்தியில் அமர்த்திச் சோறு போடுகிறார்கள். அதே நீர், அதே சூடு, மனம்தான் வேறு.

ஆகவே கன்னியாவுக்கு வேண்டியதென்ன? பெரிய கோயிலுமல்ல, பெரிய விகாரையுமல்ல. தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதிய ஒரு நேர்மையான பலகை: இந்த நீர் எவ்வளவு சுடுகிறது, ஏன் சுடுகிறது, எதில் எச்சரிக்கை வேண்டும் என்று சொல்லும் பலகை. ஏழு கிணற்றுக்கும் நீர் தரும் நிலத்தைக் காக்கும் ஏற்பாடு. சுற்றிலும் காடழிந்து, கண்டபடி துளையிட்டால், ஊற்று ஓய்ந்துவிடும் என்பதை உணர்ந்த ஏற்பாடு. ஈமக்கடன் செய்ய வரும் ஏழைக்குத் தடையில்லாத வழி. சுற்றுலா வரும் சிங்களக் குடும்பத்துக்கும், தமிழ்க் குடும்பத்துக்கும், முஸ்லிம் குடும்பத்துக்கும் ஒரே வாளி, ஒரே வரிசை. அங்கே வசூலாகும் காசு அந்த ஊற்றைக் காக்கவும் அந்த ஊரை வளர்க்கவும் செலவாக வேண்டும். யாருடைய பெருமையைக் கல்லில் செதுக்கவும் அல்ல.

நிலத்தின் அடியில் ஓடும் நீருக்குச் சிங்களமும் தெரியாது, தமிழும் தெரியாது. அது மழையாக விழுந்தபோது யார் வயல் என்று கேட்டு விழவில்லை; வெந்நீராக எழும்போது யார் தலை என்று கேட்டு எழுவதுமில்லை. சாதி கேட்பவனும், மதம் கேட்பவனும், பட்டா கேட்பவனும் மேலே நிற்கும் மனிதன்தான்!

அவன் கையில் இருக்கும் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அதில் எழுதியிருப்பதை அழித்துவிட்டு, உண்மையை எழுதச் சொன்னால் போதும்.