பக்கம் திறக்கவில்லையா? கடிகாரத்தைப் பாருங்கள்!

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, மூலனூரில் என் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மாணவி ஓடி வந்தாள். கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்க அன்றுதான் கடைசி நாள். அவள் வீட்டுப் பழைய கணினியில் விண்ணப்பப் பக்கம் திறக்கவில்லை.

"இருபது தடவை ரிஃப்ரெஷ் பண்ணிட்டேன், சார்!"

"திரையில் என்ன எழுதியிருந்தது?"

விழித்தாள். அதை அவள் படிக்கவே இல்லை. நீங்களும் அப்படித்தானே, மாணவர்களே? நம் வேண்டுகோள் எந்த இடத்தில் தடைபட்டது என்பதை அந்த வரிகளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

இணையதளத்தின் பெயரைத் தந்ததும் பிரவுசர் முதலில் அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடுகிறது. இதற்கு உதவுவது டி.என்.எஸ். என்ற அமைப்பு, 1983இல் பால் மாக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. 'என்.எக்ஸ்.டொமைன்' என்று திரையில் வந்தால் அப்படியொரு பெயரே இல்லை என்று பொருள். பெரும்பாலும் நாம் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டியிருப்போம்.

404 என்று வந்தால்? சர்வர் வரை போய்ச் சேர்ந்துவிட்டோம். கேட்ட பக்கம்தான் அங்கே இல்லை. நம் வீட்டு மோடத்தை அணைத்துப் போடுவது வீண் வேலை. 503 என்றால் சர்வரால் இப்போது வேலை செய்ய இயலவில்லை. தேர்வு முடிவு வரும் காலையில் லட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் மோதினால் இப்படி ஆகலாம். காத்திருப்பதே வழி.

சில சமயம் பழுது வெகு தொலைவில் இருக்கும். 2008 ஜனவரி 30 அன்று எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது, இந்தியாவில் இணையம் தள்ளாடியது.

சரி, மாணவியின் கணினிக்கு வருவோம். பாதுகாப்புச் சான்றிதழின் தேதி செல்லாது என்றது திரை. மூலையில் இருந்த கடிகாரமோ 2009 என்று காட்டியது!

கணினிக்குள் ஒரு குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. இது 2இன் 15ஆம் அடுக்கு; பதினைந்து முறை பாதியாக்கினால் நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். மின்சாரம் இல்லாத நேரத்தில் இதை இயக்குவது 3 வோல்ட் பட்டன் செல். அது தீர்ந்தால் கணினி பழைய தேதிக்குத் திரும்பிவிடும். பாதுகாப்பான தளம் ஒவ்வொன்றும் தொடக்க நாளும் முடிவு நாளும் கொண்ட சான்றிதழை நீட்டுகிறது. 2009இல் நிற்கும் கணினிக்கு அது இன்னும் பிறக்காத சான்றிதழ்! ஏற்க மறுப்பது நியாயம்தானே?

தேதியைத் திருத்தினோம். பக்கம் திறந்தது, விண்ணப்பமும் போய்ச் சேர்ந்தது.

ஒன்று கவனியுங்கள்: கடிகாரம் சரியாக இருந்தும் இந்த எச்சரிக்கை வந்தால், அதை மீறி உள்ளே போகாதீர்கள். கடவுச்சொல்லைத் திருட யாரேனும் குறுக்கே நிற்கக்கூடும்.

மறுநாள் புதிய செல் வாங்கி மாட்டினோம். அதன் பெயர் சி.ஆர். 2032. விட்டம் 20 மி.மீ., தடிமன் 3.2 மி.மீ.; பெயரிலேயே அளவு இருக்கிறது, பார்த்தீர்களா?