கால்வாயில் ஒரு காதல்

பெண் படகோட்டுகிறவள். வாய்த்துடுக்கு அதிகம். பையன் கோயிலுக்குப் பூமாலை கட்டுகிறவன். பரம சாது. இருவரையும் ஒரே படகில் ஏற்றிக் கால்வாயில் விட்டால் எப்படி இருக்கும்?

அப்படி விட்டு வேடிக்கை பார்த்தவர் கல்கி. அவருடைய "பொன்னியின் செல்வன்" 1950 முதல் 1954 வரை "கல்கி" பத்திரிகையில் வாரா வாரம் வந்தது. போர், சூழ்ச்சி, கொலை எல்லாம் உள்ள கதை. அதற்கு நடுவே கோடிக்கரைப் பூங்குழலியும் தஞ்சாவூர்ச் சேந்தன் அமுதனும் வந்தால் வாசகர்களுக்கு ஒரே குஷி!

அமுதன் அவளுக்கு அத்தை மகன். அவளையே நினைத்து உருகுகிறான். அவள் மனமோ இளவரசர் அருள்மொழிவர்மர் மீது!

அந்த இளவரசர் காய்ச்சலில் கிடக்கிறார். அவரை நாகப்பட்டினத்துப் புத்த விகாரத்தில் சேர்க்க வேண்டும். கால்வாய் வழியாகப் படகு செல்கிறது. ஓட்டுகிறவள் பூங்குழலி. துணைக்கு வருகிறவன் அமுதன்! பாவம், அவன் பாடு யாருக்கு வரும்?

மயிலாப்பூரில் தோணி

வாசகர்கள் இதைப் படித்த நாளில் மயிலாப்பூரிலேயே தோணிகள் ஓடின. பக்கிங்காம் கால்வாயில்தான்!

1806-ல் சென்னைக்கு வடக்கே வெட்டத் தொடங்கிய கால்வாய் இது. கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் 5 மைல் பகுதி 1877-78-ல் வெட்டப்பட்டது. அது கொடும் பஞ்ச காலம். பட்டினி கிடந்த ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்து வெட்டிய வாய்க்கால். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுக்கு!

தோணிகளில் விறகும் உப்பும் வந்தன. காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். காற்று இல்லாவிட்டால் ஆட்கள் கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். கதையில் துடுப்புப் போடுவது சுலபம். கயிறு இழுத்தவர்களுக்குத் தோள் காய்த்ததுதான் மிச்சம்.

பாரதிதாசன் நண்பர்களோடு தோணியில் மாமல்லபுரம் போனார். அந்தப் பயணத்தை "மாவலிபுரச் செலவு" என்று பாட்டாக்கினார்.

1965, 1966 புயல்களில் கால்வாய் பழுதுபட்டது. சாக்கடையும் சேர்ந்தது. தோணிகள் நின்றன. பிறகு கால்வாயிலேயே தூண்கள் எழும்பின. 1997-ல் மயிலாப்பூருக்குப் பறக்கும் ரயில் வந்தது. இன்று திருமயிலை நிலையத்தில் நின்று குனிந்து பார்த்தால் கறுப்புத் தண்ணீர்தான் தெரியும். மூக்கைப் பொத்திக்கொள்ள வேண்டும்.

அமுதன் காதல் என்ன ஆயிற்று?

பூங்குழலி கடைசியில் அவனையே மணந்தாள். மாலை கட்டிய பையன் அரச குலத்தில் பிறந்தவன் என்று தெரிய வந்தது. அவனே உத்தம சோழனாக முடி சூடினான். படகுக்காரப் பெண் ராணியானாள்!