பந்தயம் முடிந்தபின் வரும் காய்ச்சல்

2000ஆம் ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஐடஹோவிலும் லாஸ் ஏஞ்சல்ஸிலும் சில நாள் இடைவெளியில் பலர் கடும் காய்ச்சலோடு மருத்துவர்களிடம் வந்தார்கள். குளிர்நடுக்கம், மண்டையைப் பிளக்கும் தலைவலி, தொட்டாலே நோகும் தசைகள். நோயாளிகளோ நோஞ்சான்கள் இல்லை. ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்து உரமேறிய உடம்புக்காரர்கள். எல்லோரும் மலேசியாவின் சபா மாநிலத்தில் நடந்த ஈக்கோ சேலஞ்ச் என்ற சாகசப் பந்தயத்தை முடித்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார்கள். வந்தது எலிக்காய்ச்சல். நம் ஊரில் சேற்றில் இறங்கும் விவசாயிகளையும் சாக்கடையைச் சுத்தம் செய்பவர்களையும் தாக்குகிற அதே லெப்டோஸ்பைரா கிருமி.

காடு, ஆறு, மலை

சாகசப் பந்தயத்தில் ஓட்டம் ஒரு பகுதிதான். ஆணும் பெண்ணும் கலந்த நால்வர் அணி, வரைபடத்தையும் திசைகாட்டியையும் வைத்து வழி கண்டுபிடித்து, காட்டுக்குள் நடந்து, கயாக் படகு துடுப்பு போட்டு, மலைச் சைக்கிள் ஓட்டி, கயிற்றில் ஏறி இறங்கி, நாள்கணக்கில் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தூக்கம் கிடைத்த நேரத்தில் ஒரு மணி, இரண்டு மணி. சபாவில் 26 நாடுகளைச் சேர்ந்த 304 பேர் இறங்கினார்கள். மழை கொட்டி, செகாமா ஆறு கலங்கலாகப் பெருக்கெடுத்திருந்தது.

அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் அவர்களில் 189 பேரை விசாரித்தது. 80 பேருக்கு நோய்க்கான அறிகுறிகள் இருந்தன. 29 பேர் மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தது. நல்லவேளையாக யாரும் இறக்கவில்லை. செகாமா ஆற்றில் நீந்தியவர்களுக்குத்தான் ஆபத்து கூடுதலாக இருந்தது.

தோல் வழியே, வாய் வழியே

எலி மட்டுமல்ல, ஆடு, மாடு, பன்றி, நாய், காட்டு விலங்குகள் எனப் பலவற்றின் சிறுநீரிலும் இந்தக் கிருமி வெளியேறுகிறது. ஈரமண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். மழை பெய்தால் எல்லாம் ஆற்றுக்கும் ஏரிக்கும் வந்து சேர்கிறது.

இப்போது பந்தயத்தின் மூன்றாம் நாளில் ஒரு வீரரின் காலைப் பாருங்கள். ஈரக் காலுறைக்குள் இரவும் பகலும் ஊறி, உள்ளங்கால் வெளுத்து, வாய்க்கால் வெட்டியதுபோல் சுருங்கியிருக்கும். குதிகாலில் கொப்புளம் உடைந்து தோல் தொங்கும். கணுக்காலில் அட்டை கடித்த தடம், முழங்காலுக்குக் கீழே முள் கிழித்த கோடுகள். ஒவ்வொன்றும் கிருமிக்குத் திறந்த வாசல். கண்ணும் மூக்கும் வாயும் கூடத்தான். 1998 ஜூனில் இலினாய் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்ட் ஏரியில் நடந்த டிரையத்லானுக்கு (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி) பிறகும் இதே நோய் பரவியது. நீந்தும்போது ஏரித்தண்ணீரை விழுங்கியவர்களுக்கு ஆபத்து அதிகம் என்று அப்போது தெரியவந்தது. அது காட்டுப் பயணமும் இல்லை, ஒருநாள் போட்டி.

களைப்பா, காய்ச்சலா?

கிருமி உள்ளே போனதும் நோய் தெரிவதில்லை. பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாள் கழித்துத்தான், சில சமயம் ஒரு மாதம் வரைகூடக் கழித்து, காய்ச்சல் தலைகாட்டும். அதற்குள் வீரர் வீடு திரும்பி, பையைப் பிரித்து, வேலைக்கும் போகத் தொடங்கியிருப்பார்.

எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான். பத்து நாள் உடம்பை வருத்தியவருக்குத் தசைவலி இருப்பது இயல்பு. அசதி இயல்பு. கடும் உழைப்பில் தசை சிதைந்து சிறுநீர் நிறம் மாறுவதும் உண்டு. ஆகவே நோயின் முதல் அறிகுறிகளைப் 'பந்தயக் களைப்பு' என்று நினைத்துவிடுவது மிக எளிது. வலியைப் பொறுத்துக்கொண்டு மேலே போவதுதான் இவர்கள் ஆண்டுக்கணக்கில் கற்ற வித்தை. அந்த வித்தைதான் இங்கே எமனாகிறது. போதாக்குறைக்கு ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணி மாத்திரைகளைப் போட்டுக்கொள்கிறார்கள். நீர் வற்றிய உடம்பில் அது சிறுநீரகத்தை மேலும் நசுக்கும்.

நியூசிலாந்தின் ஸ்டீவ் கர்னியை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைவரை 243 கிலோமீட்டர் ஓடி, சைக்கிள் மிதித்து, கயாக் வலிக்கும் கோஸ்ட் டு கோஸ்ட் பந்தயத்தை ஒன்பது முறை வென்றவர். 1994இல் போர்னியோ காட்டில் நடந்த ரெய்ட் கோலுவாஸ் பந்தயத்தில் எலிக்காய்ச்சல் தொற்றி, உறுப்புகள் செயலிழந்து, சாவின் விளிம்புவரை போய்வந்தார். மீண்டும் கோஸ்ட் டு கோஸ்ட் பட்டத்தை வெல்ல 1997 வரை ஆனது. அவ்வளவு வலுவான உடம்பையே இது சாய்த்துவிட்டது.

களைப்பையும் நோயையும் பிரித்துக்காட்டச் சில அடையாளங்கள் உண்டு. களைப்பில் குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல் வராது. எலிக்காய்ச்சலில் அது வரும்; கெண்டைக்கால் சதையும் இடுப்பும் தொடவிடாத அளவு வலிக்கும். கண் சிவக்கும், ஆனால் பீளை கட்டாது. சிலருக்குக் காய்ச்சல் விட்டு, தேறிவிட்டோம் என்று நினைக்கும்போது மறுபடி வரும். கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் கண்டாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியது

'காய்ச்சல்' என்று மட்டும் சொன்னால், மழைக்காலத்தில் டெங்கு, டைபாய்டு, மலேரியா என்றுதான் மருத்துவரின் எண்ணம் ஓடும். எந்த நாட்டில், எந்த ஆற்றில், எந்தத் தேதியில் இறங்கினீர்கள், காலில் காயம் இருந்ததா என்பதையும் சொல்லுங்கள். முதல் வாரத்தில் எதிர்ப்பணு ரத்தப் பரிசோதனை நோய் இல்லை என்றே காட்டக்கூடும். கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைதான் அப்போது உதவும். முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்தவுடனே மருத்துவர்கள் டாக்சிசைக்ளின், பென்சிலின் அல்லது செஃப்ட்ரையாக்சோனைத் தொடங்குவார்கள்.

தடுப்பாக, வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் எடுக்கும் முறை உண்டு. இலங்கையில் நோய் மிகுந்த பகுதிகளின் நெல் விவசாயிகளுக்குச் சுகாதாரத்துறையே இதைக் கொடுக்கிறது. வீரர்கள் மருத்துவரைக் கேட்டே எடுக்க வேண்டும்: கர்ப்பிணிகளுக்கு ஆகாது, வெயிலில் தோல் எளிதில் வெந்துபோகும். நாள் முழுக்கத் திறந்த ஆற்றில் துடுப்பு வலிப்பவருக்கு அது சின்ன விஷயம் இல்லை. மாத்திரை எடுத்தாலும், காயத்தின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டர் ஒட்டுவதையும், ஓய்வு கிடைக்கும்போதெல்லாம் காலைச் சுத்தமான நீரில் கழுவி உலர்த்துவதையும், ஆற்றுநீரைச் சுத்திகரிக்காமல் குடிக்காதிருப்பதையும் விட்டுவிடக் கூடாது.