சுழலா, வதந்தியா?

துப்பறியும் தொடர்களை விரும்புவோரிடையே ஒரு வழக்கு உண்டு: 'சுழல்' சிறந்ததா, 'வதந்தி' சிறந்ததா? முன்னது 2022 ஜூனிலும் பின்னது டிசம்பரிலும் அமேசான் பிரைமில் எட்டெட்டுப் பகுதிகளாக வெளிவந்தன. இரண்டையும் தயாரித்தோர் புஷ்கர், காயத்ரி இணையரே.

மயானக்கொள்ளைத் திருவிழா நடைபெறும் ஊரில் ஆலை எரிகிறது, பெண்ணொருத்தி காணாமற்போகிறாள். அம்முடிச்சினை அவிழ்க்கும் விறுவிறுப்பில் 'சுழ'லுக்கே முதலிடம்.

'வதந்தி' கன்னியாகுமரிக் கதை. கள்ளிக்காடு போன்ற எல்லையூரார்க்கு அண்டைவீட்டுச் செய்தி. மாண்ட வெலோனியைப் பற்றி ஆளுக்கொரு கதை புனைகின்றனர். காவலர் விவேக்காக வரும் எஸ்.ஜே.சூர்யா உண்மையைத் தேடி உழல்கிறார். வதந்தியை நம்பி, அவளை நாமும் ஒரு கணம் பழித்திருப்போம். பார்ப்பவரையே கூண்டிலேற்றுவதால், என் தீர்ப்பு 'வதந்தி'க்கே.