தலைக்கு நேர் மேலே

2022ஆம் வருஷம் அக்டோபர் 9ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, புரட்டாசிப் பௌர்ணமி. தீபாவளிக்கு ஏறத்தாழ இரண்டு வாரமே இருந்தபடியால் மேற்குத் தாம்பரத்து ஜவுளிக் கடைகளுக்குப் போவோரும் வருவோருமாக ஜனங்கள் நெருங்கிக்கொண்டிருந்த வேளையில், கடற்கரைக்குப் புறப்படும் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்கள் படியேறி ஓடிக்கொண்டிருந்த வேளையில், சேலையூரில் அடியேன் மொட்டை மாடிக் கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்த வேளையில், மாலை 6 மணி 47 நிமிஷத்துக்கு, 190 கோடி ஆண்டுகள் பிரயாணம் செய்து வந்த காமாக் கிரணங்களின் வெள்ளம் ஒன்று அத்தனை பேருடைய தலைக்கும் அநேகமாக நேர் மேலிருந்து இறங்கத் தொடங்கிற்று. மனிதர் கருவி கொண்டு ஆகாயத்தைக் கவனிக்கத் தொடங்கிய பின் பதிவான காமாக் கிரண வெடிப்புகள் அனைத்திலும் பிரகாசமானது அதுவே. தேதியை வைத்தே இவ்வெடிப்புகளுக்குப் பெயரிடுவது வழக்கமாதலால் அதற்கு 221009ஏ என்று பெயர்.

நேர் மேலே என்று நான் எழுதியது அலங்காரத்துக்காக அன்று. அந்த நிமிஷத்தில் தாம்பரத்து வானத்தில் அது உச்சியிலிருந்து வடமேற்கே சுமார் 11 பாகை சாய்ந்து நின்றது. கையை நீட்டி முஷ்டியை மடக்கிப் பிடித்தால் அது மறைக்கிற அகலத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே. திருவோண நக்ஷத்திரத்தை அறிந்தவர்களுக்கு இடத்தைக் காட்டுவது இன்னும் எளிது: அக்டோபர் மாதத்து முன்னிரவில் திருவோணம் அநேகமாக உச்சிக்கு வந்துவிடும், அதற்கு வடமேற்கில், அம்பு என்னும் சிறிய நக்ஷத்திரக் கூட்டத்தில், பட்டணத்து வானத்தில் கண்ணுக்கு எளிதில் அகப்படாத மங்கலான மூலையில்தான் அது நிகழ்ந்தது.

190 கோடி ஆண்டு என்பதை நினைத்துப் பார்க்க நமக்கு ஒரு சௌகரியம் அருகிலேயே இருக்கிறது. பரங்கிமலையிலும் பல்லாவரத்துக் குன்றுகளிலும் கிடக்கும் நீலம் பாய்ந்த கரும்பாறைக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறைமேல் கிடத்திய கல் இவ்வினத்தது என்பதால் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலார் வைத்த பெயர் அது. அப்பாறை உருவாகி ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள் ஆயின. ஆகவே அந்த ஒளி தன் ஊரை விட்டுப் புறப்பட்ட அன்று பல்லாவரத்துப் பாறை ஏற்கனவே பழம்பாறைதான்.

கண்ணுக்குத் தெரியும் ஒளித்துளியைப் போல லக்ஷக்கணக்கான மடங்கு சக்தி ஏறியவை காமாக் கிரணங்கள். இந்த வெடிப்பிலோ, சீனத்து மலையுச்சியில் இருக்கும் லாசோ என்னும் ஆய்வுக்கூடம் பதிவு செய்த சில துளிகள் 5 லக்ஷம் கோடி மடங்குக்கும் மேல் சக்தி பெற்றிருந்தன. ஆயினும் பூமியின் வாயுமண்டலம் நம்மைப் போர்த்திக்கொண்டிருக்கிறபடியால் அவை நேராக நம் மேனியில் வந்து படுவதில்லை. பல கிலோமீட்டர் உயரத்திலேயே காற்றின் அணுக்களை மோதித் தம் வலிமையை இழந்துவிடுகின்றன. மோதிய அடையாளம் மட்டும் மிஞ்சுகிறது. ஆகாயத்தின் மேலடுக்கில் மின்னேற்றம் பெற்ற துகள்கள் திடீரென்று பெருகி, வானொலி அலைகள் செல்லும் பாதையையே மாற்றிவிட்டன. ஜெர்மனியில் இருந்த கருவிகள் அவ்வடுக்கு பல மணி நேரம் கலங்கியிருந்ததைக் காட்டின. இந்தியாவில் இதைக் குறித்துக்கொண்டவை எவை என்றால், மின்னலைக் கண்டறிவதற்காக வைத்திருந்த கருவிகள்!

இந்த ஆச்சரியக்குறியை நான் யோசித்தே இட்டேன். இத்துறையின் சரித்திரத்தைப் புரட்டினால், வேறு காரியத்துக்காக விழித்திருந்த கண்களிலேயே இவ்வெடிப்புகள் மீண்டும் மீண்டும் வந்து விழுந்திருக்கின்றன. 1963ஆம் ஆண்டில் ஆகாயத்திலும் அந்தரவெளியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதில்லை என்று வல்லரசுகள் உடன்படிக்கை செய்துகொண்டன. எதிராளி வாக்கைக் காப்பான் என்ற நம்பிக்கை இல்லாத அமெரிக்கா, வேலா என்ற செயற்கைக்கோள்களை ஒரு லக்ஷம் கிலோமீட்டருக்கும் அப்பால் காவலுக்கு நிறுத்திற்று. 1967 ஜூலை 2ஆம் தேதி அவற்றில் ஒரு காமாத் துடிப்பு பதிவாயிற்று. குண்டு வெடித்தால் எழும் துடிப்பின் சாயல் அதில் சிறிதும் இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வுக்கூடத்தில் ரே கிளெபெஸாடலும் அவருடைய சகாக்களும் பிற்காலத்துப் பதிவுகளையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஒரே துடிப்பு ஒரு கோளுக்கு முந்தியும் மற்றொன்றுக்குப் பிந்தியும் வந்து சேர்ந்த அற்ப கால வித்தியாசத்தைக் கொண்டு திசையைக் கணித்தபோது, அது பூமியிலிருந்தும் வரவில்லை, சூரியனிலிருந்தும் வரவில்லை என்று நிச்சயமாயிற்று. 16 வெடிப்புகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1973இல் வெளிவந்தது.

எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி அதற்குப் பிறகு இருபத்துநாலு வருஷம் நீடித்தது. தீபாவளி இரவில் மொட்டை மாடியில் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிற ஒருவன், வெடிச் சத்தமெல்லாம் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கமிருந்தே வருமானால் அது அந்தச் சாலையில் நடக்கிற வேடிக்கை என்று சொல்லிவிடுவான். எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வருமானால், தன் வீட்டைச் சுற்றி மட்டும் வெடிக்கிறார்கள் என்றோ ஊர் உலகமெல்லாம் வெடிக்கிறார்கள் என்றோதான் சொல்ல வேண்டும். 1991இல் விண்ணேறிய காம்ப்டன் ஆய்வுக்கூடம் நாளுக்கு ஒன்று வீதம் இரண்டாயிரத்து எழுநூறு வெடிப்புகளைக் குறித்துக் காட்டியபோது, அவை நம் பால்வீதியை ஒட்டிய பட்டையில் குவியாமல் நாலாபுறமும் சமமாகச் சிதறிக் கிடந்தன. அருகிலா, பிரபஞ்சத்தின் எல்லையிலா என்ற வாதத்தை 1997 தீர்த்து வைத்தது. அவ்வருஷம் பெப்ரவரி 28ஆம் தேதி நிகழ்ந்த ஒரு வெடிப்பின் தணலை இத்தாலிய-டச்சுச் செயற்கைக்கோளான பெப்போசாக்ஸ் அணைவதற்குள் கண்டுபிடித்தது. மே மாதத்தில் வேறொன்றின் தணலைத் தூரம் அளந்ததில், அது கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பாற்பட்டது என்று தெரிந்தது.

அத்தனை தூரத்திலிருந்து இத்தனை வெளிச்சமா என்றால், நக்ஷத்திரங்களின் மரணமே காரணம். சென்னை மாகாணக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் கப்பலேறிய சந்திரசேகர், வெண்குள்ள நக்ஷத்திரத்தின் எடைக்கு ஓர் எல்லை உண்டு என்று வழியிலேயே கணக்கிட்டார். அத்தகைய எல்லையை மீறிய கருவுக்குச் சரிவைத் தவிர வேறு கதி இல்லை. மிகப் பெரிய நக்ஷத்திரம் ஒன்றின் கரு அவ்விதம் உள்ளே சரியும்போது, அதன் அச்சின் இரு முனைகளிலும் ஒளியின் வேகத்தை நெருங்கிய தாரைகள் பீறிட்டு வெளிக்கிளம்புகின்றன. டார்ச் விளக்கின் ஒளியைப் போல அவை குறுகியவை. நம்மை நோக்கித் திரும்பியிருந்தால் மாத்திரமே காண்போம். 221009ஏ அவ்வகை, அது போன்ற ஒன்று பதினாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரலாம் என்பது விஞ்ஞானிகளின் மதிப்பீடு. இரண்டு விநாடிக்கும் குறைந்த சிறு வெடிப்புகளோ, இரண்டு நியூட்ரான் நக்ஷத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றி இறுதியில் மோதிக் கலப்பதால் விளைபவை. 2017 ஆகஸ்ட் 17இல் 13 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் அப்படிப்பட்ட மோதல் எழுப்பிய ஈர்ப்பலை வந்து 1.7 விநாடியில் காமாத் துடிப்பும் வந்தது.

வேறு காரியத்துக்கு விழித்திருந்து இவ்வெடிப்புகளைக் கண்ட கண் ஒன்று நமக்கும் உண்டு. தாம்பரத்திலிருந்து வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டரில் இருப்பது ஸ்ரீஹரிகோட்டா. அங்கிருந்து 2015 செப்டம்பர் 28ஆம் தேதி காலை 10 மணிக்கு ஏறிய ஆஸ்ட்ரோசாட், நம் நாட்டின் முதல் வானியல் செயற்கைக்கோள். மும்பை டாடா ஆய்வு நிறுவனத்தாரும் பூனா வானியல் மையத்தாரும் முன்னின்று அமைத்த சி.இசட்.டி.ஐ. என்னும் கருவி அதில் இருக்கிறது: காட்மியம், துத்தநாகம், டெல்லூரியம் சேர்ந்த படிகத் தகடுகள் அதன் கண். நேரே எதிரிலுள்ள எக்ஸ்-கதிர் ஒளியைப் பார்ப்பதற்கென்று அதன் பக்கச் சுவர்களை அமைத்தார்கள். காமாக் கிரணங்களுக்கோ அச்சுவர்கள் கண்ணாடி மாதிரி. ஆகவே எத்திசையில் வெடித்தாலும், பூமி மறைக்காத வரையில், அதற்குத் தெரியும். கருவியை முதல்முதலாக இயக்கிய அக்டோபர் 6ஆம் தேதியே, நண்டு நெபுலாவை நோக்கி நின்ற அதனுள் சுமார் 60 பாகைக்கு அப்பாலிருந்து ஒரு வெடிப்பு சுவர் வழியே நுழைந்து பதிவாயிற்று. தகடுகளில் கிரணங்கள் சிதறும் முறையைக் கொண்டு அவற்றின் முனைவாக்கத்தையும் அளந்து, தாரைகளின் காந்தப் புலத்தை ஊகிக்க அது உதவுகிறது.

வடக்கே ஏறிய அந்தக் கோள் சுற்றுவதோ நமக்குத் தெற்கே. மின்னேற்றத் துகள்கள் மிகுந்து கருவிக்கு இரைச்சல் தரும் பிரதேசத்தைக் கூடுமானவரை தவிர்ப்பதற்காக, பூமத்திய ரேகைக்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில் அதை விட்டிருக்கிறார்கள். ஆகவே 650 கிலோமீட்டர் உயரத்தில், 98 நிமிஷத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றி, கன்னியாகுமரிக்கும் தெற்கே கடல்மேல் கடந்து போகிறது. நம் மாடியிலிருந்து பார்த்தால் வண்டலூர்ப் பக்கத்து வானத்தில், அடிவானத்துக்கும் உச்சிக்கும் நடுப்பாதி வரைகூட ஏறாமல் நழுவிவிடும். ஐந்தாண்டு உழைத்தால் போதும் என்று அனுப்பினார்கள். எட்டாண்டு கழிந்து, 2023 நவம்பரில், தன் சுவர் வழியே அது கண்ட வெடிப்பு 600ஆவது.