உதடு படாத கெண்டி

ஜாவா, சுமத்ரா, மலாய் தீபகற்பம் முதலிய பிரதேசங்களில் பல நூற்றாண்டுகளாக மக்கள் தண்ணீர் அருந்திவந்த கெண்டி என்னும் பாத்திரத்துக்குக் கைப்பிடி கிடையாது. உருண்ட வயிறும், கை பற்றுவதற்கேற்ற நீண்ட கழுத்தும், தோளிலிருந்து சாய்ந்தெழும் மூக்கும் உடைய அதனைக் கழுத்தில் பிடித்துத் தூக்கி, மூக்கு வழியே விழும் நீர்த்தாரையை உதடு படாமல் அண்ணாந்து வாயில் ஏற்பது அந்நாட்டு வழக்கம். வீட்டாரும் விருந்தினரும் ஒரே கெண்டியில் அருந்தலாம். எச்சில் என்ற பேச்சே எழாது. நம்முடைய கிண்டியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த ஒற்றுமை தற்செயலானதன்று. நம் நாட்டுத் துறவிகளும் பௌத்த பிக்ஷுக்களும் ஏந்திய குண்டிகை என்னும் நீர்க்கலமே சமயத்தோடும் வர்த்தகத்தோடும் கடல் கடந்து அங்கே கெண்டியாயிற்று. 671-ஆம் ஆண்டில் சீனாவிலிருந்து கப்பலேறி, சுமத்ராவின் ஸ்ரீவிஜயத்தில் தங்கி இந்தியாவுக்கு வந்த இ-சிங் என்னும் பிக்ஷு, குடிக்கும் ஜலத்தை மண் அல்லது பீங்கான் பாத்திரத்திலும், சுத்தி செய்துகொள்ளும் ஜலத்தை உலோகப் பாத்திரத்திலும் தனித்தனியே வைத்துக்கொள்ளும் ஆசாரத்தை விரிவாகவே எழுதிவைத்திருக்கிறார்.

கிழக்கு ஜாவாவில் மஜாபாஹித் பேரரசின் தலைநகரம் இருந்த துரோவுலானில் கிடைத்த கெண்டிகள் மெருகிடாத சுட்ட மண்ணாலானவை. நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருப்பது குளிர்ந்துவிடும். ஆனால் என்னை வியப்பில் ஆழ்த்துவது இதன் பிற்காலச் சரித்திரமே. தாய்லாந்தின் சி சட்சனாலைச் சூளைகளும், வியட்நாமின் சூ தாவ் குயவர்களும், மிங் காலத்துச் சீனத்தின் புகழ்பெற்ற ஜிங்டெஜென்னும், 17-ஆம் நூற்றாண்டில் ஜப்பானிய அரிதாவுங்கூட, தீவுகளில் வாழ்ந்த மக்களின் அருந்தும் முறைக்குப் பணிந்து, சில சமயம் யானையாகவும் தவளையாகவும் உருக்கொடுத்துக் கெண்டிகளைச் செய்து அனுப்பின. கலைத்திறனில் உலகையே வென்ற சூளைகள், வாங்குகிறவனுடைய ஆசாரத்தின் முன் தம் வடிவங்களை விட்டுக்கொடுத்தன. கடல் வர்த்தகம் என்பது வலியவன் தன் சரக்கை எளியவன் தலையில் கட்டுவது மட்டுமே என்று கருதுவோர்க்கு இதைவிடச் சிறந்த மறுப்பு வேறில்லை. பாரசீகம் சென்ற கெண்டிகளோ ஹூக்காவின் நீர்க்கலமாகிவிட்டன!

ஜாவாவிலும் பாலியிலும் மண் கெண்டி இன்றும் சடங்குகளில் புழங்குகிறது. கோலாலம்பூருக்குச் செல்லும் தமிழ் வாசகர்கள், மலாயாப் பல்கலைக்கழகத்தின் ஆசியக் கலைக் காட்சிசாலையிலுள்ள கெண்டித் தொகுதியை அவசியம் பார்த்துவர வேண்டும்.